பூசின உடம்பு

மார்ச் 4, காலை 7.10
தென்துருவ முகாம், நிலவு

பனிக்குழி பம்ப் சீராக ஓடுகிறது. குழாய் அழுத்தம் சரி. ஆக்சிஜன் தொட்டி பாதிக்கு மேல். சூரியத் தகடுகளில் படிந்த தூசியைத் தட்டிவிட்டேன்.

இந்தப் பதிவை யார் எடுத்துப் படிப்பார்கள் என்று தெரியாது. அதனால் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெசிந்தா மச்சாடோ. வயது நாற்பத்தாறு. ஊர் தூத்துக்குடி. நிழல் விலகாத ஒரு குழியிலிருந்து பனியை வெட்டி உருக்கி, அந்த நீரிலிருந்து ஆக்சிஜனும் எரிபொருளும் பிரிக்கும் ஆலைக்குப் பொறியாளர். கூட இருந்த மூவரும் போன வாரம் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த நால்வர் இருபதாம் தேதி இறங்குவார்கள். அதுவரை ஆலை நிற்கக் கூடாது. நின்றால் குழாய் உறைந்து வெடித்துவிடும். ஒருவர் தங்கித்தான் ஆக வேண்டும். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வருகிறவர்களின் கலத்தில் இங்கே இறங்கும் அளவுக்குத்தான் எரிபொருள் உண்டு. அவர்கள் இங்கே மூச்சு விடுவதும், பிறகு வீடு திரும்புவதும் இந்த ஆலையின் கையில்.

உடல்நிலை: குழியிலிருந்து ஏணி ஏறும்போது மூச்சு வாங்கியது. நிலவில் என் எடை ஆறில் ஒரு பங்கு. வாங்கியிருக்கக் கூடாது. காலுறையைக் கழற்றினால் அதன் பட்டி கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. செவிலியில் குறித்துவிட்டேன். செவிலி என்பது எங்கள் மருத்துவக் கணினி. மார்பில் கட்டியிருக்கும் பட்டை வழியாக என் இதயத்தை ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கும்.


மார்ச் 7, காலை 9.30

ஆலை சீர். மனம் சீரில்லை.

தரைக் கட்டுப்பாட்டிலிருந்து திட்ட இயக்குநர் சுந்தரவரதன் பேசினார். புதிய விதி ஒன்று இன்று அமலுக்கு வருகிறதாம். இளவயது எடை விதி. பதினெட்டு வயதுக்குள் உயரத்துக்கு மிஞ்சிய எடை இருந்தவர்கள், அது கொஞ்சமே என்றாலும், இனி நீண்ட பயணங்களுக்கு எடுக்கப்பட மாட்டார்கள். அந்த வயதில் ஏறிய எடை நடுவயதில் இதயத் தசையைத் தளர்த்துகிறது என்று பல ஆண்டுகள் பார்த்த கணக்கு சொல்கிறதாம். அவர்களில் ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் வெளிவேலை செய்யக் கூடாது. வெளிக்கதவைச் செவிலி பூட்டிவிடும். ஆலை தானாக ஓடட்டும், நான் படுத்து ஓய்வெடுக்கலாம் என்றார்.

என் பழைய எடைக் கணக்கு அவர் கைக்கு எப்படிப் போனது என்று கேட்கவில்லை. தேர்வின்போது நானே சொன்னதுதான். பதினேழு வயதில் நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர், அறுபத்தொரு கிலோ. மறைக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த வருடம் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன் இயற்பியல் டியூஷன், பிறகு பள்ளி, பிறகு கணக்கு டியூஷன். இரண்டுக்கும் நடுவில் துறைமுகச் சாலை பேக்கரியில் ஒரு கிரீம் பன், ஒரு டீ. கூடைப்பந்து நின்றது. தெருவில் ஓடுவது நின்றது. நாற்காலியும் நானும் மட்டும் மிச்சம். பாவாடை நாடா இடுப்பை அறுத்தது. அம்மாவுக்கோ சந்தோஷம். கோயில் வாசலில் பார்க்கிறவர்களெல்லாம், பூசினாப்ல நல்லா இருக்கா பிள்ளை என்று சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அது பாராட்டு.

கல்லூரிக்குப் போனபின் எடை தானாக இறங்கிவிட்டது. இருபத்தைந்து வருடம் தினமும் ஓடியிருக்கிறேன். இங்கே வருவதற்கு என்னென்ன சோதனை உண்டோ அத்தனையிலும் தேறினேன்.

அந்த எடையோடு படித்துத்தான் இந்த ஆலையைக் கட்டும் படிப்புக்குள் நுழைந்தேன். இன்று அதைக் காட்டிக் கதவைப் பூட்டுகிறார்கள். பெட்டியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காரணம் தெரியாது. கைக்கு ஆறுதலாக இருக்கிறது.


மார்ச் 8, காலை 11.00

டாக்டர் உமையாள் பேசினாள். தரையில் எங்கள் குழுவுக்கு மருத்துவர், காரைக்குடிக்காரி. பயிற்சிக் காலத்தில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். விதி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எக்கோ கருவியை எடுத்து நெஞ்சில் வைக்கச் சொன்னாள். எங்கே வைக்க வேண்டும், எப்படிச் சாய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஒரு கட்டத்தில் படத்தை நிறுத்தி அளவெடுக்கத் தொடங்கினாள்.

திரையில் என் இதயம். இடதுபக்க அறை பெரிதாக, மெத்தென்று, அவசரமே இல்லாமல் சுருங்கி விரிந்தது. எனக்குப் பம்புகளைத் தெரியும். ஒரு பம்ப் தள்ள வேண்டியதைத் தள்ளவில்லை என்றால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

உமையாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பூசினாப்ல இருந்த பிள்ளைக எல்லாத்துக்கும் இது வராது ஜெசி. ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் வரும். ஒல்லியா இருந்தவகளுக்கும் வரும், இன்னும் கொஞ்சமா. ஒனக்கு வந்திருச்சு. எடைதான் செஞ்சுச்சா, வேற எதுவுமான்னு சத்தியம் பண்ணி என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

அப்படியென்றால் விதி சரியா என்று கேட்டேன். ஆயிரம் பேரை நிறுத்திவைத்துப் பார்த்தால் கணக்கு சரி என்றாள். அந்த ஆயிரம் பேரில் தொள்ளாயிரத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிடுவார்களே, அவர்களை எந்தக் கதவுக்கு வெளியே நிறுத்துவது என்று கேட்டேன். வருடா வருடம் எக்கோ எடுத்திருந்தால் எனக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கும், மருந்திலேயே சமாளித்திருக்கலாம், அதற்குச் செலவாகும் என்று இப்படி ஒரு விதி போட்டுவிட்டார்கள் என்று முனகினாள்.

மருந்துப் பெட்டியில் நீர் பிரிக்கும் மாத்திரை இருக்கிறது. தொடங்கிவிட்டேன்.

பயமாக இருக்கிறதா என்று செவிலி கேட்டது. மனநிலைக் குறிப்புக்காக வாரம் ஒருமுறை கேட்கும். ஆம் என்று அழுத்தினேன். கோபமாக இருக்கிறதா என்று கேட்க அதற்குத் தெரியவில்லை.


மார்ச் 11, காலை 8.20

மாத்திரை வேலை செய்கிறது. கால் வீக்கம் வடிந்திருக்கிறது. தலையணையை இரண்டாக உயர்த்தினால்தான் தூக்கம் வருகிறது. ஆலை சீர்.

தம்பி இன்னாசி பேசினான். வீட்டாரோடு பேசும் நாள் இன்று. துறைமுகத்தில் ஐஸ் ஃபேக்டரி நடத்துகிறான். வழக்கமாக அமோனியா விலை, கடல் நிலைமை, மாதா கோயில் திருவிழா என்று ஓடும் பேச்சு இன்று நேரே விஷயத்துக்கு வந்தது.

அவன் மகள் செல்மாவுக்குப் பதினாறு வயது. குண்டு எறிதலில் மாவட்ட முதலிடம். மாணவர் விண்வெளிப் பயிற்சி முகாமுக்குத் தேர்வாகியிருந்தாள். விதி வந்த மறுநாளே பெயரை எடுத்துவிட்டார்களாம். உயரத்துக்கு மூன்று கிலோ கூடுதல்.

"சாப்பாட்டத் தொட மாட்டேங்கா அக்கா. தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்கா. நேத்து ஸ்கூல்ல மயங்கி விழுந்துட்டா. நீ ஒரு வார்த்த சொல்லு, ஒன் பேச்சத்தான் கேப்பா."

செல்மாவைப் பேச வைத்தான். தண்ணீர் தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது. பிறகு கேட்டாள்.

"அத்த, நான் கொறச்சாலும் அந்த நம்பர் போவாதாமே. அழிக்கவே முடியாதாம். பெறகு எதுக்குக் கொறைக்கணும்? நான் எதுக்குத் திங்கணும்?"

போன வாரம்வரை இந்தக் கேள்விக்கு நல்ல பதிலாக ஏதாவது சொல்லியிருப்பேன். இன்று என் நெஞ்சுக்குள் அந்த அறை மெதுவாக விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கிறது. பொய் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வந்திருப்பதைச் சொன்னேன். அவளுக்கு வர வேண்டும் என்று இல்லை என்பதையும் சொன்னேன். பிறகு:

"நம்பரு அவங்களது. நெஞ்சு ஒன்னோடது. அதுக்காகத் தின்னு, அதுக்காக ஓடு. பன்னக் கொற, சோத்த நிறுத்தாத. வருசத்துக்கு ஒருக்கா எக்கோ எடு. முகாமுக்காரன் கதவ மூடுனா தட்டு. தொறக்குற வரைக்கும் தட்டிட்டே இரு. பட்டினி கெடந்தா தட்டக் கையில சத்து இருக்காது பாத்துக்க."

அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. பின்னால் இன்னாசி தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது.


மார்ச் 15, காலை 7.00

நால்வரும் பூமியிலிருந்து கிளம்பிவிட்டார்கள். தலைவி ஹமீதா, காயல்பட்டினத்துப் பெண். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். கலத்திலிருந்து பேசினாள். ஆலை நிலவரம் கேட்டாள், சொன்னேன். என் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. யாரோ கேட்க வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

குழாயைச் சூடாக வைக்கும் ஹீட்டர் பட்டையில் மின்னோட்டம் ஒருமுறை ஆடி நின்றது. குழிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். கதவு பூட்டியிருக்கிறது. இயக்குநரிடம் தெரிவித்தேன். கவனிக்கிறோம் என்றார். அங்கிருந்து எதைக் கவனிப்பார்?


மார்ச் 18, காலை 6.15

ஹீட்டர் பட்டை எரிந்துவிட்டது.

குழிக்கும் ஆலைக்கும் நடுவே குழாய் நிறைய நீர். இப்போதே குளிர்ந்துகொண்டிருக்கிறது. நான்கு மணி நேரத்தில் உறையும். உறைந்தால் குழாய் கிழியும். மாற்றுக் குழாய் கிடையாது.

ஹமீதாவின் கலம் நேற்றே நிலவைச் சுற்றத் தொடங்கிவிட்டது. திரும்பிப் போக எரிபொருள் இல்லை.


மார்ச் 18, காலை 6.50

எல்லோரும் ஒரே தொடர்பில். இயக்குநர், உமையாள், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஹமீதா, நான்.

இயக்குநர் நிதானமாகப் பேசினார். குழாய் போனால் போகட்டும், நால்வரும் இறங்காமல் சுற்றுப்பாதையிலேயே இருக்கட்டும், மீட்புக் கலம் அனுப்பலாம் என்றார். எத்தனை நாளாகும் என்று ஹமீதா கேட்டாள். ஆறு வாரம். அவர்களிடம் மூச்சுக்காற்று பத்து நாளைக்கு. இது அந்தத் தொடர்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

நான் இறங்கிச் சரிசெய்கிறேன், கதவைத் திறந்துவிடுங்கள் என்றேன். விதியைப் போட்ட மேல்குழுவைக் கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார். எப்போது கூடும்? மாலையில்.

மாலையில் இங்கே ஒரு நீளமான பனிக்கட்டிதான் இருக்கும்.

உமையாள் குறுக்கே புகுந்தாள்.

"கதவு தொறக்குற குறியீடு எங்கிட்ட இருக்கு. கேட்டா தந்துருவேன். தந்துட்டு காலத்துக்கும் தூங்க மாட்டேன் ஜெசி."

வேண்டாம் என்றேன். இது அவள் தலையில் விழக் கூடாது. உள்கதவுக்குப் பக்கத்தில் கையால் திறக்கும் நெம்புகோல் ஒன்று உண்டு. ஈய முத்திரை போட்டுக் கட்டியிருப்பார்கள். உடைத்தால் வெளிக்கதவின் பூட்டு விடுபடும், உள்கதவு செவிலியின் கட்டுப்பாட்டை விட்டு வந்துவிடும். பிறகு உள்கதவை உள்ளே இருப்பவர் கையால்தான் தாழிட வேண்டும், திறக்க வேண்டும். என்னிடம் பெரிய ஸ்பேனர் இருக்கிறது.

ஹமீதா சொன்னது ஒன்றே ஒன்று: "எங்களுக்காகன்னு போகாதிய லாத்தா. போறதுன்னா ஒங்க மெஷினுக்காகப் போங்க."

லாத்தா என்றால் அவர்கள் வீடுகளில் அக்கா. நல்ல பெண்.

முத்திரை மூன்றாவது அடியில் உடைந்தது. செவிலி எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அடிக்கட்டும். மார்புப் பட்டையைக் கழற்றவில்லை. இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். என் நெஞ்சு என்ன செய்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும்.


மார்ச் 18, காலை 8.05
குழிக்குள்ளிருந்து, குரல் பதிவு

இறங்கிவிட்டேன். இருட்டு. வெளிச்ச விளக்கின் கம்பியைக் கழற்றி அந்த மின்சாரத்தை ஹீட்டர் பட்டைக்குத் திருப்புகிறேன். எரிந்த துண்டை வெட்டி எடுத்தாயிற்று. விளக்கு இனி இல்லை. தலைக்கவச விளக்கு மட்டும்.

கையுறைக்குள் விரல் மரத்துவிட்டது.

நெஞ்சு படபடக்கிறது. சீராக இல்லை. நடுநடுவே ஒன்று தவறுகிறது. உமையாள் காதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், உட்காரு, முன்னால சாஞ்சு உட்காரு, எண்ணு. உட்கார்ந்தேன். எண்ணவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டாவது முனையைக் கட்டினேன்.

இணைத்துவிட்டேன்.

குழாய் மேல் கையை வைத்திருக்கிறேன். சூடு கையுறைக்குத் தெரியாது. மீட்டர் முள்ளைப் பார்க்கிறேன். அசையவில்லை. அசை. அசை சனியனே.

அசைகிறது.

நீரைத் திறந்துவிடும் வால்வு இறுகியிருக்கிறது. ஸ்பேனரில் முழு எடையையும் போட்டுத் தொங்குகிறேன். இங்கே என் எடை போதவில்லை. பதினேழு வயது உடம்பு இருந்திருந்தால் ஒரே தொங்கில் திறந்திருக்கும். சிரிப்பு வருகிறது. சிரித்தால் மூச்சு போதவில்லை.

திறந்துவிட்டது. நீர் ஓடுகிறது.

இனி ஏணி.


மார்ச் 18, மாலை 3.40

உள்ளே வந்துவிட்டேன். ஏணியில் எத்தனை முறை நின்றேன் என்று தெரியாது. உமையாளுக்குத் தெரியும்.

ஆலை: குழாய் சூடாகிவிட்டது. நீர் ஓட்டம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஆக்சிஜன் தொட்டி ஏறுகிறது.

நான்: படுக்க முடியவில்லை. படுத்தால் மூழ்குவதுபோல இருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். இருமினால் இளஞ்சிவப்பு நுரை வருகிறது. உமையாள் ஊசி மருந்தின் அளவு சொன்னாள், போட்டுக்கொண்டேன். முகமூடி வழியாக ஆக்சிஜன் எடுக்கிறேன். என் ஆலை ஆக்சிஜன். சுத்தமானது.

இயக்குநர் பேசினார். நன்றி சொன்னார், மனமாரத்தான் சொன்னார். பிறகு, முத்திரை உடைத்தது விதிமீறலாகப் பதியப்படும் என்றார். இன்றைய என் இதயத் துடிப்புப் பதிவு இளவயது எடை விதிக்கு ஆதாரமாகச் சேர்க்கப்படும் என்றும் சொன்னார். அதிலிருந்து ஒரு பகுதியைக் குழுவுக்கு அனுப்பியாயிற்றாம். ஏணியில் நான் தொங்கிக்கொண்டிருந்த பகுதி.

பேச மூச்சு குறைவு. ஆனாலும் சொன்னேன்.

"சேருங்க சார். ஆனா முழுசாச் சேருங்க. இந்த நெஞ்சு கெட்டுப்போனதுன்னு எழுதுங்க, அது நெசம். கெட்டுப்போன நெஞ்சோட குழியில என்ன பண்ணிச்சுன்னும் பக்கத்துலயே எழுதுங்க. அது ஒங்க கணக்குல எங்க வருதுன்னு எனக்குச் சொல்லுங்க."

பிறகு உமையாள் வந்தாள். பதிவு முழுவதையும், ஒரு துடிப்பு விடாமல், குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் செல்மாவின் முகாமுக்கும் தன் பெயர் போட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். வேலை போகுமே என்றேன். போனால் காரைக்குடியில் கிளினிக் போடுகிறேன், நீ வந்து வரிசையில் உட்காரு என்றாள்.


மார்ச் 19, காலை 10.00

சொல்லிச் சொல்லிப் பதிகிறேன். விரல் வீங்கிவிட்டது, தட்ட முடியவில்லை.

இன்னாசி செய்தி அனுப்பியிருந்தான். செல்மா காலையில் மூன்று இட்லி சாப்பிட்டாள். பிறகு குண்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். பன்னிரண்டரை மீட்டர் எறிந்தாளாம்.

தொட்டி முக்கால். நாளை நிரம்பும்.


மார்ச் 20, காலை 9.20

இறங்கிவிட்டார்கள். தரை அதிர்ந்ததை முதுகில் உணர்ந்தேன்.

நால்வரும் நலம். நடந்து வருகிறார்கள்.

உமையாள் சொல்லியிருக்கிறாள், அவர்கள் பக்கத்தில் வரும்வரை எழுந்திருக்காதே, எழுந்தால் நின்றுவிடும். என் நெஞ்சைச் சொல்கிறாள். சரி என்றேன்.

ஆனால் முத்திரையை உடைத்தது நான். உள்கதவு இனி வெளியிலிருந்து திறக்காது. அன்று குழிக்குப் போனபோது அதைத் தாழிடாமல் சாத்திவிட்டுப் போனேன்; திரும்பியதும் தாழிட்டுவிட்டேன். யாரோ உள்ளே இருந்து நெம்புகோலை இழுக்க வேண்டும். அவளுக்கும் அது தெரியும்.

நெம்புகோலுக்கு ஆறு காலடி தூரம் இருக்கலாம்.


மார்ச் 20, காலை 9.45
குரல் பதிவு

வெளிக்கதவு மூடிவிட்டது. இடை அறையில் காற்று நிரம்புகிறது. சிறு சன்னலில் ஹமீதா முகம். கையை ஆட்டி இரு இரு என்கிறாள். அவர்கள் வெட்டித் திறந்து வர ஒரு நாள் ஆகும். உடைக் காற்று அவ்வளவு நேரம் தாங்காது. கலத்தின் காற்றைத் திறந்துவிட்டுத்தான் இறங்கினார்கள்; நிரப்ப என் தொட்டிதான்.

எழுந்துவிட்டேன்.

சுவரைப் பிடித்து. ஒன்று. செவிலி கத்துகிறது. கத்து.

விழுந்துவிட்டேன். பரவாயில்லை. தவழ்ந்தும் போகலாம். நிலவில் நான் லேசு.

கோல் கைக்கு எட்டுகிறது. இரண்டு கையாலும். இழு ஜெசிந்தா.

கொஞ்சம்.

இன்னும்.

திறந்தாயிற்று.

வருகிறார்கள். தலைக்கவசத்தைக் கழற்றுகிறார்கள். ஹமீதா. அவளுக்குப் பின்னால் ஒருவன். இன்னும் இருவர். என் பெயரைச் சொல்கிறார்கள். நெஞ்சு நிறைய இழுக்கிறார்கள். குழியிலிருந்து வந்த காற்று. நான்

நால்வரும் மூச்சு விடுகிறார்கள். எழுதிக்கொள், உமையா. நால்வரும். எனக்கு